‘டிக்கே’ (decay) என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரே வீட்டுக்குள் இந்தச் சொல் நாலு பக்கமிருந்தும் வந்து விழும். தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் அறிவியல் பயிற்சித்தாளில் காய்ந்த இலைக்கு ‘டிக்கே’. பல் மருத்துவரிடம் போனால் கடைவாய்ப் பல்லுக்கு ‘டிக்கே’. உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் அக்காவின் இயற்பியல் புத்தகத்தில் அணுவுக்கு. மறுவிற்பனை வீடு தேடும் மாமாவின் பேச்சில் குத்தகைக் காலத்துக்கு. எல்லாவற்றுக்கும் ‘சிதைவு’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் மனம் ஒப்புவதே இல்லை. மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

‘டிக்கே’ என்றால் அழுகுவதுதானே?

அழுகுவதும் அதில் அடக்கம். ஆனால் அந்தப் பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. நல்ல நிலையில் இருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிலையிலிருந்து இறங்குவதே இந்தச் சொல்லின் அடிப்படை. ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதை விட்டுவிடக் கூடாது. கண்ணாடித் தம்ளர் கைதவறி விழுந்து நொறுங்கினால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அந்தத் தம்ளர் இருந்த பலகை அலமாரி வருடக்கணக்கில் ஈரம் ஏறி இற்றுப்போனால் பொருந்தும். யாரும் அடித்து உடைக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து தளர்ந்துவிட்டது.

பெயராகவும் வினையாகவும் ஒரே வடிவில்தான் வரும். உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து, பிரெஞ்சு வழியாக. லத்தீனில் ‘கதெரே’ என்றால் விழுதல். ‘தே’ என்ற முன்னொட்டு ‘கீழே, விலகி’ என்று பொருள்படும். இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சில் ஒரு வினைச்சொல்லாகி, இங்கிலாந்தில் நார்மன் ஆட்சிக்குப் பிறகு பேசப்பட்ட பிரெஞ்சின் வழியே 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆக, பிறப்பிலேயே இது ‘கீழே விழுதல்’. வாடைக்கும் புழுவுக்கும் இதில் இடமே இல்லை.

விழுதல் எப்படி அழுகலாக மாறியது?

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் இந்தச் சொல் செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் மதிப்புக்கும்தான் அதிகம் பயன்பட்டது. நகரம் நலிந்தது, வருமானம் குறைந்தது, குடும்பம் தாழ்ந்தது என்ற பொருளில். மரமும் உடலும் மக்கி அழுகுவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. இன்று அதுவே முதன்மையாகி, பழையது பின்னுக்குப் போய்விட்டது.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படிப்பவர்கள் ‘டிக்கேட் ஜென்டில்மேன்’ என்ற தொடரைப் பார்த்துத் திகைப்பதுண்டு. அழுகிய கனவான் என்று யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம். வசதியாக இருந்து வறுமைக்கு வந்தவர் என்று பொருள். நம்மிடம் இதற்கு அப்படியே ஒரு தொடர் இருக்கிறது: வாழ்ந்து கெட்டவர். ‘வாழ்ந்து கெட்ட குடும்பம்’ என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதில் இருக்கும் மரியாதையும் வருத்தமும் அந்த ஆங்கிலத் தொடரிலும் உண்டு. நொடித்துப்போனவர் என்றும் சொல்லலாம்.

தமிழிலும் இந்த இரண்டு பொருளும் ஒரே வினையில் கூடியிருப்பதைக் கவனியுங்கள். சோறு கெட்டது, குடும்பம் கெட்டது, வானொலிப் பெட்டி கெட்டது, பெயர் கெட்டது. ஆங்கிலச் சொல்லின் முழு வீச்சுக்கும் ஈடாக ஒரே ஒரு தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் ‘கெடு’ என்பதைத்தான் எடுப்பேன். ‘படு’ என்ற வினையும் பக்கத்தில் நிற்கிறது. சூரியன் சாய்வதும் அதுதான் – படுஞாயிறு. மரம் உயிர் விடுவதும் அதுதான் – பட்டுப்போன மரம்.

இதே வேரில் பிறந்த வேறு சொற்கள் உண்டா?

நிறைய. பாதிச் சொற்களை நாம் தமிழ் பேசும்போதே கலந்து பேசுகிறோம் என்பதுதான் வியப்பு.

‘ஆக்சிடென்ட்’ அந்த வேரிலிருந்து வந்தது: நம்மேல் வந்து விழுவது. ‘சான்ஸ்’ கூட அப்படித்தான். நமக்கு விழுந்தது என்ற கருத்து. காவல் நிலையத்தில் போடும் ‘கேஸ்’, மருத்துவர் பார்க்கும் ‘கேஸ்’ இரண்டும் நேர்ந்தது, வந்து விழுந்தது என்ற லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளைகள். (பெட்டியைக் குறிக்கும் ‘சூட்கேஸ்’ வேறு குடும்பம், அது கொள்கலன் என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல்.) அலுவலகத்தில் எடுக்கும் ‘கேஷுவல் லீவு’ இந்தக் குடும்பமே. ‘பாராசூட்’டின் பின்பாதி பிரெஞ்சில் ‘விழுதல்’. விழுவதிலிருந்து காப்பது என்று முழுச் சொல்லுக்கும் பொருள். மேற்குத் திசையைக் குறிக்கும் ‘ஆக்சிடென்ட்’ (occident) என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது. தமிழில் எழுதினால் விபத்தும் அதுவும் ஒன்றுபோலவே தெரியும். ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு. சூரியன் விழும் திசை என்பதால் அந்தப் பெயர். பிணத்தைக் குறிக்கும் ‘கடாவர்’, அருவிபோல் விழும் ‘கேஸ்கேட்’, பாட்டிலும் பேச்சிலும் குரல் தணிந்து விழும் ‘கேடன்ஸ்’ எல்லாம் இதில் சேரும்.

இலக்கணம் பிடித்தவர்களுக்கு ஒன்று. வேற்றுமை உருபைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் ‘கேஸ்’ என்பார்கள். அதுவும் விழுதல்தான். கிரேக்க இலக்கணக்காரர்கள் பெயர்ச்சொல் தன் நேர்நிலையிலிருந்து சாய்ந்து விழுவதாகப் பார்த்தார்கள். லத்தீன்காரர்கள் அதை அப்படியே தங்கள் மொழியில் சொன்னார்கள். நம் இலக்கண ஆசிரியர்கள் பெயரின் பொருள் வேறுபடுவதைக் கண்டு ‘வேற்றுமை’ என்றார்கள்.

‘டிக்கே’க்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு ‘டெசிடுவஸ்’. அதே முன்னொட்டு, அதே வினை. இலையுதிர் மரங்களுக்கு வழங்கும் சொல். பல் மருத்துவர்கள் பால்பற்களையும் இதே சொல்லால் குறிப்பிடுவார்கள், விழுந்து முளைப்பவை என்பதால். பால்பல்லில் சொத்தை விழுந்தால், ஆங்கிலத்தில் அந்தப் பல்லின் பெயரும் நோயின் பெயரும் ஒரே வேரில் வந்து நிற்கின்றன.

கடைசியாக, ஏமாற்றுவதைச் சொல்லும் ‘சீட்’. இதுவும் இந்தக் குடும்பம் என்றால் பலர் நம்புவதில்லை. இடைக்கால இங்கிலாந்தில் வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் நிலம் பிரபுவின் கையில் போய் விழும். அந்த உரிமைக்கு ‘எஸ்சீட்’ என்று பெயர். அதை வசூலிக்க வந்த அதிகாரிகள் செய்த அட்டூழியத்தால், சொல்லின் முன்பகுதி தேய்ந்து, மோசடி என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

‘டெக்கேட்’, ‘டிக்காய்’ இவையும் உறவா?

இல்லை. பத்தாண்டைக் குறிக்கும் முதல் சொல், பத்து என்ற கிரேக்க எண்ணுப்பெயரிலிருந்து வந்தது. பறவை பிடிக்க வைக்கும் பொய்ப்பறவையைக் குறிக்கும் இரண்டாவது, கூண்டைச் சொல்லும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஒலி ஒற்றுமை மட்டுமே.

‘ராட்’ (rot) என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

பொருள் ஓரளவு ஒன்று, பிறப்பும் தோரணையும் வேறு. ‘ராட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல்; பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அதன் பெயரடையான ‘ராட்டன்’ மட்டும் வடக்கே ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

பயன்பாட்டில் பார்த்தால், ‘ராட்’ மூக்கைப் பிடிக்க வைக்கும். கொழகொழவென்று ஆன தக்காளிக்கும், நாறும் மீனுக்கும் அதைச் சொல்லலாம். ‘டிக்கே’ கொஞ்சம் தள்ளி நின்று பேசும் சொல். அறிக்கையிலும் பாடப்புத்தகத்திலும் அது உட்காரும். தேர்வுத்தாளில் இரண்டில் எதை எழுதுவது என்ற குழப்பம் வந்தால் ‘டிக்கே’ அல்லது ‘டீகம்போஸ்’ எழுதுங்கள்.

துருவுக்குச் சொல்லும் ‘ரஸ்ட்’?

தனிக் கதை. அது நிறத்தில் பிறந்த சொல். சிவப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் மாணிக்கத்தைச் சொல்லும் ‘ரூபி’யும் அதே தொல் வேரைச் சேர்ந்தவை. இரத்தத்தைக் குறிக்கும் வடமொழி ‘ருதிரம்’ அந்த வேரின் இன்னொரு கிளை. அதுதான் தமிழில் உதிரம் ஆனது.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

நான் அதிகம் பேச விரும்புவது இந்தக் கேள்வியைத்தான். எது கெடுகிறது என்று தெரியாமல் தமிழில் பதில் சொல்லவே முடியாது.

ஒரு நாள் சமையலறையை மட்டும் பாருங்கள். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மேசைமேல் மறந்துவிட்டால் மாலைக்குள் ஊசிப்போகும். கரண்டியை எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். மூடியைத் திறந்தவுடனே வாடை சொல்லிவிடும். பால் அழுகாது, திரியும். ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், பேச்சில் ‘பூத்துப்போச்சு’ என்போம். முறுக்கு டப்பாவைச் சரியாக மூடவில்லை என்றால் நமத்துப்போகும். எண்ணெய் பழசானால் காறும், சிக்கு வாடை அடிக்கும். வாழைப்பழம் கன்றும், பிறகு அழுகும். கீரை வாடும். முட்டை கூமுட்டை ஆகும். கத்தரிக்காய் சொத்தை. பருப்பில் வண்டு விழும். மாவு மட்டும் புளிக்கும். அதை நாமே விரும்பிச் செய்கிறோம், அதனால் கெட்டது என்று சொல்வதில்லை.

சமையலறையை விட்டு வெளியே வந்தால் மரம் உளுக்கும், கயிறு இற்றுப்போகும், பழம்புடவை நைந்துபோகும், இரும்பு துருப்பிடிக்கும், பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பேறும், சுவர் உப்புப் பூத்துக் காரை பெயரும், இலைதழை மக்கும். ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு, அதனால் சொல்லும் வேறு. ஊசிப்போனதை மூக்கு அறியும். நமத்துப்போனதைப் பல் அறியும். இற்றுப்போனதை இழுத்துப் பார்க்கும் கை அறியும். தொட்டும் முகர்ந்தும் புழங்கியவர்கள் வைத்த பெயர்கள் இவை.

சிங்கப்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். இங்கே பொருள்கள் கெடும் வேகத்துக்கு இந்தச் சொற்கள் தினமும் வாயில் புழங்க வேண்டும். ஆனால் வீட்டில் ‘பேட் ஆயிடுச்சு’, ‘ஸ்பாயில் ஆயிடுச்சு’ என்ற இரண்டிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சட்னிக்கு ஒன்று, முறுக்குக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்வார். அம்மாவிடம் பாதி மிஞ்சியிருக்கும். பிள்ளையிடம் ஒன்றுகூட இருக்காது. வாய்மொழித் தேர்வுக்காகக் கடினமான மரபுத்தொடர்களை உருப்போட வைக்கும் பெற்றோரிடம் நான் சொல்வது: தேக்கா சந்தைக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். வெண்டைக்காய் முற்றலா, கத்தரிக்காய் சொத்தையா, தேங்காய் அழுகலா என்று கடைக்காரரிடம் பேரம் பேசும்போது அவனையும் பேச விடுங்கள்.

பள்ளி அறிவியலில் இந்தச் சொல் என்ன சொல்கிறது?

இறந்த உயிர்ப்பொருளை நுண்ணுயிரிகளும் காளான் வகைகளும் சின்னச் சின்னப் பொருள்களாக உடைப்பதை. அப்படி உடைந்தவை மண்ணுக்குத் திரும்பி, செடிகளுக்கு உணவாகும். ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் விழுந்து கிடக்கும் மரத்தைக் குனிந்து பாருங்கள்: பட்டை கழன்றிருக்கும், இடுக்கில் வெள்ளை இழைகள் ஓடியிருக்கும், விரலால் அழுத்தினால் மரம் பஞ்சாக உள்ளே போகும். இதற்குத் தமிழில் ‘மக்குதல்’ என்று எழுதினால் போதும். ‘அழுகுதல்’ என்று எழுதினாலும் தவறில்லை, ஆனால் மக்கியது உரமாகும் என்ற நல்ல பொருள் அதில் வராது.

நம் வீட்டுக் குப்பை பெரும்பாலும் இப்படி மக்க வாய்ப்பில்லை. சிங்கப்பூரில் அதை எரிக்கிறார்கள். குப்பையின் கன அளவு ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது. மிஞ்சும் சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்புமிடத்துக்குப் போகிறது. ஆகவே ‘குப்பை மக்கி மண்ணாகிறது’ என்று கட்டுரையில் எழுதும் பிள்ளைக்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குப்பைத் தொட்டியிலிருந்து அது எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பல்லுக்கு வரும் ‘டிக்கே’ உண்மையில் அழுகலா?

இல்லை, கரைதல். வாயில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டும்போது, அதாவது பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் மேற்பூச்சிலுள்ள தாதுக்கள் கரையத் தொடங்கும். கரைந்து கரைந்து குழி விழும். சொத்தை என்பது மிகப் பொருத்தமான சொல், ஏனென்றால் வெளியே முழுசாகத் தெரிந்து உள்ளே குடைந்துபோனதைத்தான் காய்கறியிலும் சொத்தை என்கிறோம். ‘பூச்சிப்பல்’ என்பதை மட்டும் பிள்ளைகளிடம் விளக்கிச் சொல்ல வேண்டும்; உள்ளே பூச்சி எதுவும் இல்லை. சிங்கப்பூரில் 1950களிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். அமிலத்தைத் தாங்கும் வலுவை அது பல்லுக்குக் கொடுக்கிறது. ஆனாலும் இரவில் பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தையின் பல்லை ஃபுளோரைடு மட்டும் காப்பாற்றிவிடாது.

அணு எப்படி ‘டிக்கே’ ஆகும்? அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

ஒன்றும் கெடுவதில்லை. நிலையற்ற அணுக்கரு துகளையோ கதிரையோ வெளியேற்றிவிட்டு வேறொன்றாக மாறுகிறது. 1896இல் பெக்கெரல் யுரேனியத்தில் கதிரியக்கத்தைக் கண்டார். 1902இல் ரூதர்ஃபோர்டும் சாடியும் கனடாவின் மான்ட்ரியல் நகரில் தோரியத்தை ஆராய்ந்து, ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுவதுதான் இது என்று விளக்கினார்கள். கதிரியக்கம் நாளாக நாளாகத் தணிந்துகொண்டே வந்ததால், ‘இறங்குதல்’ என்ற பழைய பொருளில் இந்தச் சொல் அங்கே போய்ச் சேர்ந்தது.

பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். மருத்துவமனைகளில் உடலுக்குள் படமெடுக்கப் பயன்படும் டெக்னீஷியம்-99எம்முக்கு அது ஏறத்தாழ 6 மணி நேரம். காலையில் செலுத்தியதில் மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். கார்பன்-14க்கு ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். இந்த இடத்தில் மட்டும் ‘சிதைவு’ என்ற கலைச்சொல் நன்றாகவே பொருந்துகிறது: கதிரியக்கச் சிதைவு.

வீடு வாங்குபவர்கள் சொல்லும் ‘லீஸ் டிக்கே’ என்ன?

வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன. கட்டடம் நன்றாகவே இருந்தாலும், மிஞ்சியிருக்கும் ஆண்டுகள் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் இறங்கும். குத்தகை முடிந்தால் வீடு கழகத்துக்கே திரும்பும். 2017இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் இதை நினைவூட்டிய பிறகு, காப்பிக்கடைப் பேச்சிலும் இந்தத் தொடர் நுழைந்துவிட்டது.

சிங்கப்பூர் நில ஆணையம் பயன்படுத்தும் ‘பாலா அட்டவணை’யைப் பார்த்தால் கணக்கு புரியும். நிரந்தர உரிமை நிலத்தின் மதிப்பை 100 என்று வைத்தால், 99 ஆண்டு மிஞ்சிய நிலத்துக்கு 96, 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60. முதல் 39 ஆண்டுகளில் 16 புள்ளிதான் போகிறது. கடைசி 30 ஆண்டுகளில் 60 போகிறது. அணுவுக்கு இது நேரெதிர்: அங்கே முதலில் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகும்.

எனக்கு இதில் பிடித்தது, சொல் தன் பழைய வீட்டுக்கே வந்துவிட்டது என்பதுதான். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது மதிப்பு இறங்குவதைச் சொன்னது. இன்று தோ பாயோவிலும் குவீன்ஸ்டவுனிலும் அதையே சொல்கிறது. ஆகவே ‘குத்தகைச் சிதைவு’ என்று எழுதாதீர்கள். சுவர் இடிந்து விழுவதுபோல் கேட்கிறது. ‘குத்தகைத் தேய்வு’ என்றால் யாருக்கும் புரியும்.

பிள்ளைகள் சொல்லும் ‘பிரெயின் ராட்’?

ஆக்ஸ்ஃபர்டு அகராதி வெளியீட்டாளர்கள் 2024ஆம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உப்புச்சப்பில்லாத காணொளிகளை ஓயாமல் பார்த்து மூளை மந்தமாவதையும், அந்தக் காணொளிகளையும் குறிக்கிறது. புதிதுபோல் தோன்றினாலும் 1854இலேயே அமெரிக்க எழுத்தாளர் தோரோ இதை எழுதியிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1845 முதல், ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு அழுகல் நோய் பரவி, அயர்லாந்தில் மட்டும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் அளவுக்கு மாண்டார்கள். கிழங்கின் அழுகலுக்கு மருந்து தேடும் நாடு, அதைவிடப் பரவலான மூளையின் அழுகலுக்கு மருந்து தேடாதா என்பது அவர் கேள்வி.

‘மூளை அழுகல்’ என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் ஏதோ நோய்ப் பெயர்போல் ஆகிவிடும். நம் வாயில் ஏற்கெனவே இருப்பது ‘மூளை துருப்பிடித்துவிட்டது’, ‘மூளை மழுங்கிவிட்டது’. பயன்படுத்தாமல் கெட்டால் முதலாவது, கண்டதில் போட்டு இழைத்துக் கெட்டால் இரண்டாவது. இரவு பதினொரு மணிக்குக் கைத்தொலைபேசியோடு படுத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.